தட்டில் ஒரு தோப்பு: தானாக முளைத்த கன்றுகளைக் கொண்டு குறுமரத் தோப்பு அமைக்கும் முறை

முந்திரியும் பலாவும் செழித்த முத்தாண்டிக்குப்பத்து அங்கத்தினர்களுக்கு மரம் வளர்க்கும் வித்தையை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், மரத்தைப் பெரிதாக்க அறிந்தவர்கள் அதனைச் சிறிதாக வைத்துக் காக்கும் முறையையும் எளிதில் கற்கலாம் என்பது நமது கருத்து. நெய்வேலி நகரியம் அருகிலிருப்பதால், இதனை ஓர் உபதொழிலாகக் கொள்ளலாமா என்ற வினாவும் எழக்கூடும். அதற்கான விடையை இறுதியில் கூறுவோம். முதலில் முறையை அறிதல் நலம்.

ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது தட்டு. ‘சாய்’ என்பது நடுதல். சீனத்தில் தோன்றி ஜப்பானில் வளர்ந்த கலை இது. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் தோக்கியோவை விட்டு வெளியேறிய தோட்டக்காரர்கள், 1925-இல் ஓமியா என்னும் ஊரில் இதற்கெனவே ஒரு குடியிருப்பை நிறுவினர். ஒரே தட்டில் பல மரங்களை நட்டு, தொலைவில் காணும் தோப்பின் தோற்றத்தை உண்டாக்குவது இக்கலையின் ஒரு பிரிவு. அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் நாக்கா என்பவர் 1948-இல் தொடங்கி வளர்த்த தோப்பு உலகப் புகழ் பெற்றது. அதிலுள்ள பதினொரு மரங்களும் அவருடைய பதினொரு பேரப்பிள்ளைகளைக் குறிப்பன. 1984 முதல் அது வாஷிங்டன் நகரத் தேசிய மரப் பூங்காவில் காட்சிக்கு உள்ளது.

கன்று எங்கே எடுப்பது?

இதுவே முதன்மையான விஷயம். காப்புக் காட்டில் ஒரு செடியைப் பறிப்பதும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமாகும். அய்யனார் கோயிற் காடுகளிலும் கை வைத்தல் ஆகாது. சோழமண்டலக் கரையில் முன்பு பரவியிருந்த உலர் பசுமைக் காட்டில் இன்று எஞ்சியிருப்பவை இத்தகைய சிறு துண்டுகளே. அவற்றில் உள்ள கன்றுகளைத் தோண்டினால், இன்றைய முதுமரம் சாய்ந்த பின்னர் அவ்விடத்தை நிரப்ப மரம் இராது. 1968-இல் தோன்றிய ஆரோவில்லில் வறண்ட செம்மண் மேட்டைக் காடாக்கியவர்கள், இத்தகைய காடுகளிலிருந்து விதைகளைச் சேகரித்து நாற்று வளர்த்தனர். விதையை எடுத்தால் காடு நிற்கும். கன்றை எடுத்தால் காடு முதுமையடைந்து அழியும்.

ஆனால், எடுப்பதே நன்மையாகும் கன்றுகளும் உண்டு. பறவைகளின் எச்சத்தால் கிணற்றுச் சுவரிலும், மாடிக் கைப்பிடியிலும், பழைய கட்டடங்களிலும் முளைக்கும் அரசு, ஆல், கல்லிச்சிக் கன்றுகளை இனங்கண்டு கொள்க. அவை வளர்ந்தால் கட்டடம் பிளக்கும். எப்படியும் அகற்றப்பட வேண்டியவையே. புளிய மரத்தடியில் நெருங்கி முளைக்கும் கன்றுகளும் அவ்வாறே. இவற்றுள் சிற்றிலை உடைய கல்லிச்சியும் புளியும் தோப்புக்கு மிக ஏற்றவை. எவர் இடமாயினும் உரியவரின் அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். சந்தனத்தைத் தொடவே வேண்டாம். சட்டம் ஒருபுறமிருக்க, அது பிற செடிகளின் வேரை அண்டி வாழ்வதாகையால் தட்டில் நிலைப்பது அரிது.

எடுக்கும் முறை

ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு மழை பெய்த பின் எடுப்பது நன்று. சுவர்க் கன்றை இழுக்கலாகாது. உளியால் காரையைப் பெயர்த்து, இயன்ற அளவு வேருடன் எடுக்க வேண்டும். ஆணிவேரைக் குறைத்து, தண்டை ஓரடிக்குள் நறுக்கி, பெரும்பாலான இலைகளையும் நீக்கி, நனைந்த சாக்கில் சுற்றிக் கொணர்க. வேர் குறைந்த செடி இலையைக் குறைத்தாலன்றிப் பிழையாது என்பது இதன் காரணம். செம்மண் இரு பங்கு, சலித்த செங்கல் பொடிச் சல்லி இரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்த தொட்டியில் நட்டு, நான்கு வாரம் நிழலில் வைக்க வேண்டும். புதுத் தளிர் முதிரும் வரை உரம் இடலாகாது. ஓராண்டு இவ்வாறு வளர்ந்து பக்கவேர் பரவிய கன்றுகளையே தட்டுக்கு மாற்ற வேண்டும். அவசரப்படுபவர் கன்றை இழப்பர்.

தட்டில் நடுதல்

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், இரண்டரை அங்குல ஆழம் கொண்ட மண் அல்லது சிமெண்டுத் தட்டு போதும். நீர் வடியும் துளைகள் நான்கேனும் இருத்தல் அவசியம். துளைகளின் வழியே கயிறு கோத்து, மூங்கில் சிம்புகளை அடியில் கட்டுக. கன்றுகள் ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமையட்டும்.

பருத்து உயர்ந்த கன்றை முதலில், தட்டின் நடுவில் அன்றி, ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நடுக. அடுத்த உயரமுள்ளதை அதன் அருகே வைக்க. மெலிந்தவை ஓரங்களிலும் பின்புறத்திலும் நின்றால் தொலைவின் தோற்றம் உண்டாகும். தறியில் இழைகள் சம இடைவெளியில் நிற்பதே அழகு; முந்திரித் தோப்பில் ஏழு மீட்டருக்கு ஒரு மரம் நடுவதே முறை. இங்கோ, சம இடைவெளியே குறையாகும். மூன்று மரங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கலாகாது. முன்னிருந்து காணுங்கால் ஒன்றின் தண்டு மற்றொன்றை மறைக்கலாகாது.

வேர்களைச் சிம்புடன் கட்டுவதற்கு நெசவில் கழியும் பருத்தி நூலே போதும். வேர் பிடித்த பின் அது தானே மக்கிவிடும். மண்ணைக் குச்சியால் குத்தி இடுக்கெல்லாம் நிரப்பி, பூவாளியால் நீர் விடுக. உள்நோக்கிய கிளைகளை நீக்கி, வெளிநோக்கியவற்றை நிறுத்துக.

பராமரிப்பு

இது வீட்டுக்குள் வைக்கும் அலங்காரப் பொருளன்று, வெயில் வேண்டும். கத்திரி வெயிலில் மட்டும் அரை நிழலும், காலை மாலை இரு வேளை நீரும் தேவை. ஆழமற்ற தட்டு ஒரே பகலில் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துளை அடைபடாது பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பின்னிய வேருடன் தோப்பு முழுவதையும் ஒரே பாயாகத் தூக்கி, ஓர வேரைக் கத்தரித்து, புது மண் இட்டு மீண்டும் வைக்க வேண்டும்.

வரவு செலவு

இனி, வருவாய் பற்றிய வினாவுக்கு வருவோம். விற்கத்தக்க தோப்பாவதற்கு ஐந்து ஆண்டுகளேனும் ஆகும். ஆகவே, இதற்கெனச் சங்கக் கடன் கோருவதை நாம் ஆதரியோம். தவணை ஆறு மாதத்தில் வரும், மரம் தன் காலத்தில்தான் வரும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மறுபடி நட்டவர் காய் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். காத்திருக்கும் காலத்துக்கு உணவளிக்கும் தொழில் ஒன்று கையில் இருந்தாலன்றி, மரத்தை நம்பிக் கடன்படுதல் தகாது. பணச் செலவின்றி, ஓய்வு நேர உழைப்பைக் கொண்டு, பத்து அங்கத்தினர் கூடி ஒரு பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு கன்றும் கிடைத்த இடம், அனுமதி தந்தவர், நட்ட தேதி ஆகியவற்றைக் குறித்துத் தொடங்குக. வாங்குவோர் கேட்டால், ‘காட்டைக் கெடுத்து எடுத்ததன்று’ எனக் காட்ட அப்பதிவேடு உதவும்.

தனித்து நட்டால் எவரும் மதியாத, ஒரு பக்கமே கிளைத்த மெலிந்த கன்றுக்கும் இத்தோப்பில் ஓர் இடமுண்டு. உண்மையில் ஓரத்திற்கு ஏற்றது அதுவே. கூட்டுறவாளர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வரும் ஆடிக்குள் உங்கள் கிணற்றுச் சுவர்களை ஒருமுறை பார்த்து வைப்பீர்களாக.