மகப்பேற்றை நாடுவோர்க்கு யோகம்: திருவண்ணாமலை தரும் படிப்பினைகள்

குழந்தை வரம் வேண்டி அண்ணாமலையாரை வணங்க வரும் தம்பதியரும், யோகமும் தியானமும் பயில்வதற்காகச் செங்கம் சாலைப் பகுதியில் மாதக்கணக்கில் தங்குவோரும் திருவண்ணாமலை நெடுங்காலமாக அறிந்த இரு சாரார். முன்னவர்களின் வேண்டுதல் நிறைவேறும்போது, கார்த்திகைத் தீபத் திருவிழாவில் கரும்பில் கட்டிய தொட்டிலில் குழந்தையைக் கிடத்தி மாட வீதிகளில் சுமந்து வருவது இவ்வூர் வழக்கம். பின்னவர்களோ, பிள்ளைப்பேறு போன்ற இல்லற நாட்டங்களுக்கு அப்பாற்பட்டதே யோகம் என்று பெரும்பாலும் எண்ணி வந்தனர். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல என்பதற்குத் தமிழ் மரபிலேயே சான்று உண்டு. எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை மூன்றாம் தந்திரத்தில் விரிக்கும் திருமந்திரம், அதற்கு முந்தைய தந்திரத்திலேயே, கர்ப்பக் கிரியை என்னும் பகுதியில், கரு உருவாகி வளரும் முறையைப் பேசுகிறது. 20ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்து கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), பயிற்சி என்பது ஆளுக்கும் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மாறவேண்டியது என்றும், யோகத்தில் பெண்களுக்குத் தனி உரிமை உண்டு என்றும் வலியுறுத்தினார்.

இந்நெறியைப் பின்பற்றி மகப்பேற்றுக்காகப் பயிற்சி செய்தவர்களின் அனுபவத்திலிருந்து திரண்டு வரும் முடிபு ஒன்றுதான்: யோகம் குழந்தையைத் தரும் மருந்து அன்று, கருவுறுதலுக்கு உடலை ஆயத்தப்படுத்துவதும், மாதந்தோறும் எதிர்பார்த்து ஏமாறும் மனத்தைத் தாங்குவதும் அதன் பணி. இந்த எல்லையை அறிந்து தொடங்குவோர் அதனால் பயனடைகின்றனர். அறியாது தொடங்குவோர் யோகத்தின் மீதும், இறுதியில் தம் மீதும் நம்பிக்கை இழக்கின்றனர்.

பரிசோதனை முந்தியது, ஆசனம் பிந்தியது

கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் முறையாகக் கூடி வாழ்ந்தும் கருவுறாத நிலையையே உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மை என வரையறுக்கிறது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலையைச் சந்திக்கிறார் என்று அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 12 மாதங்கள் காத்திராமல் 6 மாதங்களிலேயே மருத்துவரை அணுக வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

கருக்குழாய் அடைப்பை எந்த ஆசனமும் திறப்பதில்லை. விந்தில் உயிரணுவே இல்லாத நிலையை எந்த மூச்சுப் பயிற்சியும் மாற்றுவதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு உரிய மாத்திரையின் இடத்தைச் சர்வாங்காசனம் நிரப்புவதில்லை. எனவே கணவனின் விந்துப் பரிசோதனை, மனைவியின் ஸ்கேன், தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றை முடித்த பின்னரே, அல்லது அவற்றோடு சேர்த்தே, யோகத்தைத் தொடங்குவது முறையாகும். கருவுற முயலும் பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது, குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்கும் எளிய வழி என்பதால், பயிற்சி விரிப்பு வாங்கும் நாளிலேயே அம்மாத்திரை குறித்தும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

யோகம் செயற்படும் வழி

பெண்ணின் மாதச் சுழற்சியை இயக்கும் கட்டளை சினைப்பையில் பிறப்பதில்லை. மூளையின் ஹைப்போதாலமஸ் என்னும் பகுதி அனுப்பும் துடிப்பான சைகைகளைப் பிட்யூட்டரி சுரப்பி ஏற்று, சினைப்பைக்கு ஆணையிடுகிறது. கடும் மன அழுத்தம், போதாத உணவு, அளவு மீறிய உடலுழைப்பு ஆகியவை இச்சைகைகளைத் தளரச் செய்யும்போது சினைமுட்டை வெளிப்படுவது தாமதமாகலாம் அல்லது நின்றும் போகலாம். மெதுவான, நீண்ட வெளிமூச்சோடு கூடிய பயிற்சி, உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் துணைப்பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது, உறக்கம் சீராகிறது. யோகத்தின் பயன் முதன்மையாக இவ்வழியில் வருவதால், வியர்த்து விறுவிறுக்கச் செய்யும் பயிற்சியே சிறந்தது என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது.

பேச்சு வழக்கில் நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ், அதாவது சினைமுட்டைகள் முழுமையாக முதிராமல் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும் நிலை, ஆராயப்பட்ட துறைகளுள் ஒன்று. ஆந்திராவின் உறைவிடக் கல்லூரி ஒன்றில் இப்பாதிப்புடைய 15 முதல் 18 வயது வரையிலான பெண்களிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வில், யோகம் பயின்ற குழுவினருக்கு, வழக்கமான உடற்பயிற்சி செய்தோரைவிட இயக்குநீர் அளவுகளும் இன்சுலின் செயற்பாடும் கூடுதலாகச் சீரடைந்தன. எனினும் அவர்கள் குழந்தைக்கு முயன்றவர்கள் அல்லர் என்பதால், அம்முடிவைக் கருவுறுதலுக்கான உறுதிமொழியாகக் கொள்ளல் ஆகாது. உடற்பருமன் உள்ள நீர்க்கட்டிப் பாதிப்பினர் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதச் சுழற்சி திரும்புகிறது; ஆகவே அவர்கள் யோகத்தோடு விரைவு நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாதச் சுழற்சிக்கேற்ற பயிற்சி

ஒரே ஆசன வரிசையை மாதம் முழுவதும் நேர்த்திக்கடன் போலச் செய்து முடிப்பதைவிட, உடலின் சுழற்சிக்கேற்ப அதனை மாற்றிக்கொள்வதே பயன்தரும்.

மாதவிலக்கு நாள்களில் தலைகீழ் நிலைகளையும் வயிற்றை அழுத்தும் நிலைகளையும் தவிர்ப்பது யோக ஆசிரியர்களிடையே நிலவும் மரபு. அந்நாள்களில் முதுகுக்கும் தொடைக்கும் தலையணை முட்டுக்கொடுத்து, உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து மல்லாந்து படுக்கும் சுப்த பத்த கோணாசனமும், முழந்தாளிட்டு முன்சாய்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனமும், சவாசனமும் போதும். எதிர்பார்த்த செய்தி இம்மாதமும் இல்லை என்று தெரியவரும் நாள்களும் இவையே என்பதால், பயிற்சியை முற்றிலும் கைவிடாமல் கால்மணி நேரமேனும் படுத்திருந்து மூச்சைக் கவனிப்பது மனச்சோர்வுக்கு ஆறுதல் தரும்.

மாதவிலக்கு முடிந்த பின் சினைமுட்டை வெளிப்படும் வரையிலான நாள்களில் உடல் பொதுவாக உற்சாகம் உடையது; சூரிய நமஸ்காரம், நின்று செய்யும் ஆசனங்கள், புஜங்காசனம், பாலம் போல் இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம் ஆகியவற்றுக்கு ஏற்ற காலம் இது. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன் சினைமுட்டை வெளிப்படுகிறது. அது ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திருப்பதில்லை, ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் 5 நாள்கள் வரை உயிர்வாழக் கூடியது. ஆதலால் கருவுற வாய்ப்புள்ள நாள்கள், முட்டை வெளிப்படும் நாளையும் அதற்கு முந்தைய 5 நாள்களையும் சேர்த்து ஆறே. இந்நாள்களில் பயிற்சிக்கும் விரதத்துக்கும் அளிக்கும் கவனத்தைவிட, கணவனும் மனைவியும் ஒருங்கிருத்தலுக்கு முதன்மை அளிக்க வேண்டும். வெளியூர் வேலை, இரவுப் பணி, தனித்திருக்கும் நேர்ச்சை ஆகியவற்றால் அந்த ஆறு நாள்கள் வீணாகும் குடும்பங்களில், எவ்வளவு பயின்றும் பயன் காண்பது அரிது.

முட்டை வெளிப்பட்ட பின்வரும் இரு வாரங்களில் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற விரைவு மூச்சுப் பயிற்சிகள், வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கும் உட்டியாண பந்தம், நௌலி, வயிற்றின் மீது உடலைத் தாங்கும் மயூராசனம், அடிவயிற்றைப் பிழியும் முறுக்கு ஆசனங்கள் ஆகியவற்றை விலக்குவது தேர்ந்த ஆசிரியர்களின் முன்னெச்சரிக்கை. அவற்றுக்கு மாற்றாக, நாசித் துளைகளில் மாறி மாறிச் சுவாசிக்கும் நாடிசுத்தி, வண்டின் ரீங்காரம் போல் ஒலியெழுப்பும் பிராமரி, சுவரில் கால்களைச் சாய்த்துப் படுக்கும் எளிய விபரீதகரணி, படுத்தபடியே உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக நினைந்து தளர்த்தும் யோக நித்திரை ஆகியவை பொருந்தும். கண் அழுத்த நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் விபரீதகரணியைத் தவிர்க்க வேண்டும்.

அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பெண்ணைப் பற்றிய பழமொழி இப்பயிற்சிக்கும் உரிய எச்சரிக்கையே. குறைந்தது மூன்று சுழற்சிகள் தொடர்ந்த பின்னரே உறக்கம், மாதவிலக்கின் ஒழுங்கு, மன அமைதி ஆகியவற்றில் வந்த மாற்றத்தை மதிப்பிட இயலும்.

கணவனின் பங்கு

குழந்தையில்லா இணையர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் சார்ந்த காரணமும் கலந்திருக்கிறது. ஆயினும் கோயில் வேண்டுதலும், மருந்தும், யோக வகுப்பும் மனைவியின் கடமைகளாகவே நம் குடும்பங்களில் கருதப்படுகின்றன. உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆவதால், புகை, மது ஆகியவற்றைக் கைவிடுவதன் பயனும் பயிற்சியின் பயனும் அதற்குப் பின்னரே தென்படும். விந்தகங்கள் உடலின் பிற பகுதியைவிடச் சற்றுக் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டியவை. எனவே மிகு வெப்பமூட்டிய அறையில் செய்யும் பயிற்சியும் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்திருக்கும் பழக்கமும் தவிர்க்கத்தக்கன. தொடர் கருச்சிதைவுக்கு உள்ளான இணையர்களின் ஆண்கள் யோகமும் தியானமும் செய்தபோது உயிரணுக்களின் மரபணுச் சேதம் குறைந்ததாக டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் பதிவு செய்துள்ளனர். இருவரும் ஒரே வேளையில், அருகருகே பயிலும் வீட்டில் பழி சுமத்தும் பேச்சு குறைவதே அனுபவம்.

கிரிவலமும் விரதமும்

மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதை, இவ்வூரார்க்கு இயல்பாகவே வாய்த்த பயிற்சிக் களம். 1896இல் இங்கு வந்து 1950இல் மறையும் வரை இவ்வூரை நீங்காத ரமண மகரிஷி, நிறைமாதக் கர்ப்பிணியான அரசியைப் போல மெல்ல அடியெடுத்து வைத்துக் கிரிவலம் வர வேண்டும் என்று அன்பர்களுக்குச் சொல்லி வந்தார். தாய்மையை நாடுவோர்க்கு இதனினும் பொருத்தமான நடைவிதி இல்லை. பௌர்ணமி இரவில் பெருங்கூட்டத்தின் நெரிசலில், கண்விழித்து, உண்ணாமல், விரைந்து முடிக்கும் கிரிவலம் நேர்த்திக்கடனாக நிறைவு தரலாம். உடலுக்கு அது ஓய்வு ஆகாது. கூட்டமில்லாத நாளின் விடியற்காலையில், இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரையிலான எட்டு லிங்கச் சந்நிதிகளில் அமர்ந்து அமர்ந்து நடப்பதும், முழுச் சுற்று இயலாதவர் பாதித் தொலைவோடு நிறுத்துவதும் ஏற்றவை. சஷ்டி, பௌர்ணமி விரதங்களில் நீர்கூட அருந்தாத முழு உண்ணாநோன்பு, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்போர்க்கும் எடை குறைந்தோர்க்கும் ஊறு விளைவிக்கும். பாலும் பழமும் கொண்ட விரதமே அவர்களுக்கு உரியது.

ஊர் கேட்கும் கேள்வி

"வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா?" என்று உறவினர் கேட்பதும், வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குவதும், அழைத்தாலும் வளையல் இடும் வரிசையில் ஒதுக்குவதும் உண்டாக்கும் காயம், எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் பதிவாவதில்லை. இத்தகைய ஒதுக்குதலுக்குத் திருவண்ணாமலைக் கோயிலே மறுப்பாக நிற்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு இறைவனே மகனாக வந்தான் என்பது அருணாசல புராணம் கூறும் வரலாறு. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனோடு இதனை இணைப்பர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, அம்மன்னனுக்கு மகன் நிலையில் திதி கொடுக்கிறார். பிள்ளை பெறாதவனை இழிவாக எண்ணாமல் இறைவனின் தந்தையாக்கிப் போற்றும் ஊரில், பிள்ளையில்லாப் பெண்ணை மங்கல நிகழ்ச்சியிலிருந்து விலக்குவதற்கு எந்தச் சமய நியாயமும் இல்லை. மாமியாரும் நாத்தனாரும் இதனை உணர்ந்து நடக்கும் வீட்டில்தான் மருமகள் செய்யும் அரைமணி நேரப் பயிற்சி உண்மையான ஓய்வாக அமைகிறது.

சிகிச்சையோடு சேரும்போது

செயற்கைக் கருத்தரிப்புக்காக ஊசி போட்டுக்கொள்ளும் நாள்களில் சினைப்பைகள் வீங்கிப் பெரிதாகின்றன. அப்போது உடலை முறுக்கினாலோ குதித்தாலோ சினைப்பை தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆதலால் அக்காலத்தில் மூச்சுப் பயிற்சியும் யோக நித்திரையும் மட்டுமே தகும். மற்றவற்றை மருத்துவர் ஒப்புதல் அளித்த பின்னரே தொடங்க வேண்டும். கருவுற்றது உறுதியானதும் பழைய வரிசையை நிறுத்திவிட்டு, கர்ப்பகாலப் பயிற்சியில் தேர்ந்தவரிடம் புதிதாகக் கற்க வேண்டும்.

மகப்பேற்றை உறுதியளித்துப் பெருந்தொகை கேட்கும் வகுப்புகளை, அவை இவ்வூரில் இருந்தாலும் பிறவூரில் இருந்தாலும், ஐயுற்று விலகுவது நன்று. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில், யோகம், இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் பணியாற்றும் பிரிவுகள் இயங்குகின்றன. முதல் ஆலோசனையை அங்கிருந்தே தொடங்கலாம். தம்பதியர் இருவரும் ஒன்றாகப் பரிசோதனைக்குச் செல்லட்டும், ஒன்றாக விரிப்பில் அமரட்டும். குழந்தை வந்தாலும், தத்தெடுக்கும் முடிவுக்கு வந்தாலும், இருவராகவே வாழத் தீர்மானித்தாலும், நலம் குன்றாத உடலும் கலங்காத மனமும் அவர்களுக்குத் தேவைப்படவே செய்யும்.