விருந்தாளி என்ற பெயரில் பிணைக்கைதி

போர் மூண்டுவிட்டால் எதிரிக்கு எதைச் செய்தாலும் குற்றமில்லை என்று எண்ணுவோர் உண்டு. இவ்வெண்ணம் மார்க்கத்திற்கும் பொருந்தாது. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சட்டத்திற்கும் பொருந்தாது. பிணைக்கைதிகள் விஷயத்தைக் கொண்டு இதனைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

பிணைக்கைதி யார்?

ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டு, ‘நாங்கள் கேட்பதைச் செய்தால்தான் இவரை விடுவோம்’ என்று வேறொருவரை நிர்ப்பந்தித்தால், பிடிபட்டவர் பிணைக்கைதியாவார். 1979-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின் கருத்து இதுவே. கொல்வோம் என்று மிரட்ட வேண்டும் என்பதில்லை. விடமாட்டோம் என்பதே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையினர், தாம் கைப்பற்றிய நாடுகளில் ஊர்மக்களைப் பிணையாகப் பிடித்துச் சுட்டுக்கொன்றனர். இதனை விசாரித்து 1948-ல் நூரம்பர்க்கில் தீர்ப்பளித்த அமெரிக்க இராணுவ நீதிமன்றமும்கூட, சில நிபந்தனைகளுடன் பிணை பிடிக்க அன்றைய சட்டத்தில் இடமுண்டு என்றே கூறிற்று. அந்த வாசலை அடைத்தது 1949-ம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை. அதன் 34-வது பிரிவு பிணை பிடிப்பதை அறவே தடுக்கிறது. 147-வது பிரிவு அதனைக் கடுமையான மீறல்களுள் சேர்க்கிறது. 1998-ல் உருவான ரோம் சட்டம் இதனைப் போர்க்குற்றம் என்கிறது. ‘எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது’ என்பதோ, ‘எதிரியும் அப்படித்தான் செய்தான்’ என்பதோ இங்கே செல்லாது.

குவைத்தில் நடந்தது

1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்திற்குள் புகுந்தது. அங்கிருந்த அயல்நாட்டார் பலர், பெண்கள் குழந்தைகள் உட்பட, நாடு திரும்ப விடாமல் தடுக்கப்பட்டனர். மேற்கு நாட்டாரில் பலரை முக்கியமான ஆலைகளிலும் இராணுவ நிலைகளிலும் கொண்டுபோய் வைத்தனர். அங்கே குண்டு விழாதிருக்க இவர்களே கேடயம்! இவர்களுக்கு ஈராக் அரசு இட்ட பெயரோ ‘விருந்தாளிகள்’.

விருந்தாளி என்றால் நினைத்தபோது விடைபெற்றுச் செல்லலாமே! பெயரை மாற்றினால் குற்றம் மாறிவிடுமா? பாதுகாப்புச் சபை ஆகஸ்ட் 18-ல் 664-வது தீர்மானத்தின் மூலம், பிற நாட்டாரைப் போகவிடுமாறு கோரியது. அக்டோபர் 29-ல் 674-வது தீர்மானம், பிணை பிடிப்பதை உடனே நிறுத்தும்படி கோரியது. எஞ்சியோர் டிசம்பரில்தான் விடுதலை பெற்றனர்.

மார்க்கத்தின் நிலை

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘அமான்’ என்ற பாடம் உண்டு. அனுமதி பெற்று நாட்டிற்குள் வந்த அந்நியரின் உயிரும் பொருளும் அமானிதமாகும். போர்க்காலத்திலும் அபயம் தேடி வந்தவருக்கு அபயமளித்து, அவரைப் பத்திரமான இடத்தில் சேர்ப்பிக்கும்படி திருமறை (9:6) பணிக்கிறது. ஒருவர் செய்த குற்றத்தை மற்றவர்மீது சுமத்தக்கூடாது என்பதும் (6:164) அதன் போதனையே.

உடன்படிக்கைக்கு உறுதியாக இரு தரப்பாரும் சம்மதித்துப் பிணையாட்களைக் கொடுப்பது முற்கால வழக்கம். முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் ரோமர்கள் உடன்படிக்கையை முறித்துவிட்டனர். அவ்வேளையில் ரோமரின் பிணையாட்கள் முஸ்லிம்களின் கையில் இருந்தனர். துரோகத்திற்குத் துரோகம் செய்யலாகாது என்று அவர்களைக் கொல்லாமல் விடுவித்தார்கள் என்பதை இமாம் மாவர்தி (ரஹ்) எடுத்தெழுதியுள்ளார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் பிழைப்பை நாடி அயல்நாடுகளில் இருக்கிறார்கள். இரு அரசுகளின் சண்டையில் அவர்களைப் பிடித்து அடைத்தால் நாம் பொறுப்போமா? நமக்கு விரும்புவதையே பிறருக்கும் விரும்புவது ஈமானின் அடையாளமன்றோ! பிணை பிடித்தவர் எவராயினும், எக்கொடியின் கீழ் நின்றாலும், அது அநியாயம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக. வல்ல அல்லாஹ் நீதியில் நம்மை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.