பால்மா டின்னில் விழுந்த மழை

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. நான் கணக்கெழுதும் கண்டிப் புடவைக் கடையில் கால் வைக்க இடமில்லை. தோட்டத்து அக்கா ஒருவர் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, "மகனுக்கு ஒரு சேட் வேணும்" என்றார்.

"எத்தன வயசுக்கா?"

"பத்து. ஆனா ஆள் வளத்தி பத்தாது."

வயசைச் சொல்லி எடுத்துப் போகிற சேட்டில் பாதி மறுநாள் மாற்றிக் கேட்டு வந்துவிடும். நான் யோசிப்பதைப் பார்த்த அந்த அக்கா, கைப்பைக்குள்ளிருந்து ஒரு நூலை எடுத்தார். உரப்பை தைக்கிற வெள்ளை நூல். அதில் மூன்று முடிச்சுகள். நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை கை நீளம், இரண்டாவது வரை உடம்பு நீளம், மூன்றாவது வரை நெஞ்சுச் சுற்றளவு. சேட்டை மேசையில் விரித்து நூலை வைத்துப் பார்த்தார். நெஞ்சுக்கு மட்டும் நாலு விரல் கூட விட்டார். "அடுத்த தீவாளிக்கும் போடணுமே!" மகனையும் கூட்டி வந்தால் இரண்டு பஸ் டிக்கெட். நூலுக்கு டிக்கெட் கிடையாது. அந்தச் சேட் திரும்பி வரவில்லை.

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு இருபது வருசமாகப் போய் வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் எங்களுக்கு இப்படி அளந்து வாழ்கிற மாதங்கள்தான். வெளிநாட்டுச் சொந்தங்கள் சிவந்த இலைகளைப் படம் பிடித்து அனுப்புகிற காலம் இது. இங்கே தேயிலை எப்போதும் போலப் பச்சையாகவே நிற்கும். காலம் மாறியதைச் சின்னச் சின்ன விசயங்களில்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்டுபிடித்ததும், கோட்டை விட்டுக் கற்றுக்கொண்டதும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆறு மணி

முதலில் வருவது ஒரு குரல். ஒக்டோபரில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் வீட்டுப் பின்பக்கத்துப் புதருக்குள் இரட்டை விசில் கேட்கும். ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் பார்த்துக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, கடல் தாண்டி இங்கே வந்து, ஏப்ரல் வரை தங்கிப் போகும் பறவை. நீலமும் பச்சையும் சிவப்புமாக அத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது, தரையில் சருகைக் கிளறிக்கொண்டே இருக்கும். இருபது வருசத்தில் நான் நேரில் பார்த்தது நாலு தடவை. கேட்காத வருசம் கிடையாது.

அது கூவத் தொடங்கிவிட்டால் கைப்பையில் டோர்ச்சை வைத்துவிடுவேன். வருசத்திலேயே பொழுது சீக்கிரம் சாய்வது டிசெம்பரில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண்டியில் அது நவம்பர் நடுப்பகுதி. ஐந்து ஐம்பதுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஓகஸ்டில் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் பேராதனைக் கம்பஸைத் தாண்டி மேலே ஏறும்போதும் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் கம்பஸுக்குள்ளேயே இருட்டிவிடும். பஸ்ஸை விட்டு வீட்டுக்குப் போகிற படிக்கட்டில், ஃபோன் வெளிச்சத்தை நம்பி ஒரு நாள் இறங்கினேன். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தது. மீதிப் படிக்கட்டை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். மூன்று அட்டைகள் காலில் ஏறியதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அட்டையைப் பிய்க்கக் கூடாது. உப்போ சவர்க்காரத் தண்ணியோ தொட்டு வைத்தால் தானே விழும். வீட்டை விட்டு இறங்கும்போதே கணுக்காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது இன்னும் நல்லது.

கோப்பிப் பழம்

வேலியோரம் எங்களுக்கு மூன்று கோப்பிச் செடிகள் இருக்கின்றன. கார்த்திகையில் பழம் சிவக்கும். சின்ன வயதில் அதன் தோலைச் சப்பி இனிப்பைத் தின்று கொட்டையைத் துப்பித் திரிந்தோம். அந்தச் செடிக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கேதான் தொடங்கியது. அதுவரை இந்த மலைகளில் கோப்பிதான். கோப்பிக்கு வருசம் முழுக்க ஆள் தேவைப்படாது, பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் பெருங்கூட்டம் வேண்டும். அந்தப் பருவத்தை நம்பித்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் மன்னாரில் கரையேறி, காடு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்து, மலையேறினார்கள். வழியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் பறித்து முடித்து, கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. அந்த இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ வாரா வாரம் கொழுந்து எடுக்க வேண்டும். பருவத்துக்கு வந்தவர்கள் லயத்தில் தங்கிப்போனார்கள்.

பழம் சிவக்கும்போதெல்லாம், திரும்பிப் போகிற மாதம் என்று ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் விரல் மடித்து எண்ணியிருப்பார்கள் என்று தோன்றும்.

கோப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகச் சிவந்ததை மட்டும் பறியுங்கள். தரையில் பரப்பாமல், காற்று அடியிலும் போகிற மாதிரிப் பிரம்புத் தட்டில் பரப்புங்கள். பகல் பன்னிரண்டுக்கு மேல் வெயிலை நம்பாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு வருசம் முழுத் தட்டும் பூஞ்சணம் பிடித்துப் போனது.

பிற்பகல் மூன்று

ஒக்டோபர், நவம்பரில் எங்கள் மழைக்கு நேரம் உண்டு. தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகீழ்க் காற்று இன்னும் நிலைக்காத இடைக்காலம். காலையில் பளிச்சென்று வெயில். அந்த வெயில்தான் மலையைச் சூடாக்கி மேகத்தை எழுப்பி, பின்நேரம் இடியோடு நம் தலையில் போடுகிறது. கடை வாசலில் நின்றால் ஹந்தானை மலை தெரியும். பகல் சாப்பாட்டு நேரத்தில் அதன் உச்சி மறைந்திருந்தால், மூன்று மணிக்குள் பஸ் நிலையத்தில் குடைகள் விரியும். டிசெம்பரில் வடகீழ்ப் பருவம் வந்ததும் இந்தக் கணக்கு செல்லாது. அது நேரம் பார்க்காமல் நாள் கணக்கில் தூறும்.

இந்த நேரக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை சுலபம். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைப் பின்நேரம் துவைத்தால் மறுநாள் ஈரத்தோடுதான் போகும். நான் விடியற்காலையில் துவைத்துப் பத்து மணி வெயிலில் காயப்போட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். அவருடைய மருந்துத் துண்டை டவுன் பார்மசியில் கொடுத்து வாங்கி வருவது என் பங்கு. காயாத காலரை அயன் பண்ணிக் காய வைக்கலாம். அடுப்புக்கு மேலே மட்டும் தொங்கவிடாதீர்கள். புகை மணம் வகுப்பில் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கும். அந்தச் சிரிப்பை நான் பட்டிருக்கிறேன்.

பீலி

லயத்தில் வளர்ந்தவர்களுக்குப் பீலிதான் தண்ணி. மலை ஊற்றிலிருந்து மூங்கிலோ குழாயோ வைத்து இறக்கிய நீர். விடியற்காலை அதன் கீழ் குடத்தை வைத்துவிட்டு அப்பாயி உடனே தூக்க மாட்டார். உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். "பீலித் தண்ணி கலங்கினா மழை. மழை இல்லாம கலங்கினா மலை" என்பார். அப்போது அது எங்களுக்கு விளையாட்டுப் பாட்டு மாதிரி இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய செய்தி வந்தபோதுதான், கிழவி சொன்னது பாட்டில்லை என்று உறைத்தது. மழை விட்ட பிறகும் ஊற்று சேறாக வருவது, ஓடிய ஊற்று திடீரென்று நிற்பது, இல்லாத இடத்தில் புதிதாகக் கசிவது எல்லாமே மண் உள்ளே அசைகிறது என்பதற்கு அடையாளம். மரமோ போஸ்டோ சாய்வதும், நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இன்று இடிப்பதும் அதே சேதிதான்.

நானும் ஒரு தப்புப் பண்ணினேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த கானை மறைத்துப் பலகை போட்டு, மேலே பூச்சாடி அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் பெருமழையில் இலையும் மண்ணும் அடைத்து, தண்ணி சமையலறைக்குள் வந்தது. அதைவிட மோசம், அது மண்மேட்டுக்குள் இறங்கிச் சுவரில் ஒரு வெடிப்பை விட்டுப் போனது. மேட்டுக்குள் இறங்குகிற தண்ணிதான் மேட்டைத் தள்ளும். ஐப்பசி பிறக்குமுன் கானை வெட்டிச் சுத்தம் பண்ணிவிடுங்கள். வெடிப்பைக் கண்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். பூசிவிட்டால் அது வளர்கிறதா என்று சொல்ல சுவருக்கு வாயில்லை.

டின்

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறிய அந்த நாட்களை மலையகத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கண்டி மாவட்டம் பட்டது கொஞ்சமில்லை. மின்சாரம் இல்லை, ஃபோன் இல்லை, பாதை இல்லை. அந்த இருட்டில் என்னை வாட்டிய கேள்வி ஒன்றுதான்: இது எவ்வளவு மழை? "பேய் மழை" என்று சொல்லத் தெரிந்தது, அளவு தெரியவில்லை. அளவு தெரியாதவர்கள் ஒன்று பயந்து சாகிறோம், இல்லாவிட்டால் இழுத்துப் போர்த்தித் தூங்குகிறோம்.

மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ சரிவான இடத்தை விட்டு வெளியேற வேண்டும். மில்லிமீற்றர் என்றதும் மிரள வேண்டாம். 75 என்பது நாலு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூட. 150 அதில் இரண்டு மடங்கு.

மழையை அளக்க முதலில் ஜாம் போத்தல் வைத்தேன். அதன் வாய் குறுகல், வயிறு அகலம். பெய்ததைக் குறைத்துக் காட்டியது. வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். காலிப் பால்மா டின் சரியாக வந்தது. கூரை, மரம் எதுவும் சொட்டாத வெட்டவெளியில் நாலு கல்லுக்கு நடுவே அசையாமல் வைத்தேன். தினமும் காலை ஆறரைக்குப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிடுவேன். அம்மாவுக்கு அடிமட்டத்தில் இலக்கம் வாசிக்கக் கண் தெரியாது. கடைக்கு வந்த அந்த அக்காவின் நினைப்பில் ஒரு நூலில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். நூல் தண்ணியை உறிஞ்சி மேலே ஏற்றியது, கணக்குப் பொய்த்தது. பிறகு விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து, 75, 100, 150இல் நூலை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன்.

அரசாங்க எச்சரிக்கைக்கு இது மாற்று இல்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்ப வேண்டும். பீலி கலங்கினால், சுவர் கோட்டைத் தாண்டினால், டின் காலியாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி வையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாம் ஐப்பசி முதல் எங்கள் வீட்டில் ஒரே பொலித்தீன் பைக்குள்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. தகரத்தில் மழை கல்லாக விழுந்தது. படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குடையோடு வெளியே போவதும், கல் புரளுவதும் கேட்டது. திரும்பி வந்து ஈர்க்கை இருட்டிலேயே விரலால் தடவிப் பார்த்தார்.

"மொதக் கட்டு இன்னும் நனையல. தூங்கு புள்ள."

தூங்கினேன். விடியும்போது பின்பக்கத்துப் புதருக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிட்டது.