பயிற்சிச் செயலிக்குப் பணம் கட்டுமுன்…
(உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்)



எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவிக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதிக் கொடுக்கும் வேலைக்குப் படிக்க ஆசை. அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். மகளுக்காக டச் போன் ஒன்றைத் தவணைக்கு எடுத்து, அதில் ஒரு பயிற்சிச் செயலிக்கும் பணம் கட்டிக் கொடுத்தார். பிள்ளை ஐந்து மாதம் விடாமல் பயிற்சி செய்தாள். செயலியில் எண்பது, தொண்ணூறு என்று புள்ளி விழுந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு வகுப்பில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தோம். உயிரியல் முதலாம் பத்திரத்தில் ஒன்பது வினாக்களை வெறுமையாகவே விட்டிருந்தாள். "ஏம்மா விட்டே?" என்று கேட்டேன். "பிழையா போட்டா புள்ளியக் கழிப்பாங்கதானே சேர், அதான் விட்டுட்டேன்" என்றாள்.

எங்கள் உயர்தரப் பரீட்சையில் பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? போனை வாங்கிப் பார்த்தேன். அந்தச் செயலி இந்தியாவின் மருத்துவ நுழைவுப் பரீட்சையான 'நீட்'டுக்காகச் செய்யப்பட்டது. பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனால் ஐந்து மாதமும் வேறொரு நாட்டுப் பரீட்சைக்குத்தான் பயிற்சி எடுத்திருக்கிறாள்.

தமிழ் ஒன்று, பரீட்சை வேறு

'நீட்' பரீட்சை தமிழிலும் நடக்கிறது. அதனால் தமிழில் கிடைக்கும் செயலிகளில் பல அதற்கென்றே வந்தவை. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அவை உதவும். எங்கள் பரீட்சையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

நீட்: ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள். சரியென்றால் 4 புள்ளி; பிழையென்றால் 1 புள்ளி கழியும். 2025இல் 180 நிமிடத்தில் 180 வினாக்கள்.

எங்கள் உயர்தரம்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் முதலாம் பத்திரத்தில் 50 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், நேரம் 2 மணித்தியாலம். அதாவது ஒரு வினாவுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். பிழைக்குக் கழிவு இல்லை.

ஆகவே அங்கே தெரியாததை விட்டுவிடுவது புத்தி. இங்கே விடுவது நட்டம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வினாவும் வெறுமையாக இல்லாதபடி பார்த்துக்கொள்வது இங்கே பழக வேண்டிய பழக்கம்.

சொற்களும் மாறும். நாங்கள் இரசாயனவியல் என்பதை அவர்கள் வேதியியல் என்பார்கள். எங்களுக்குக் கலம், அவர்களுக்குச் செல். எங்களுக்கு இழையம், அவர்களுக்குத் திசு. எங்களுக்கு ஒளித்தொகுப்பு, அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை. பரீட்சை மண்டபத்தில் சொல்லைப் பார்த்துத் திகைத்து நிற்க நேரமில்லை.

வாங்குமுன் ஆறு கேள்விகள்

1. எந்தப் பரீட்சைக்கு உரியது? இலங்கை க.பொ.த. உயர்தரம் என்று தெளிவாக இருக்க வேண்டும். 'தமிழ் மொழிமூலம்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது.

2. எந்தப் பாடத்திட்டம்? இந்தப் பாடங்களுக்கு 2019ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் புதிய பாடத்திட்டம் வந்தது. அதற்கு முந்திய வினாக்களில் பல இன்னும் பயன்படும், சில பயன்படா. பழையதையும் புதியதையும் கலந்து கொடுத்துவிட்டு ஆண்டைக் குறிப்பிடாத செயலி வேண்டாம். பிள்ளை பரீட்சை எழுதும் ஆண்டுக்குரிய பாடத்திட்டம் எது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஐந்து விடைகள் உண்டா? கழிவுப் புள்ளி இல்லாமல் கணக்குப் பார்க்கிறதா?

4. நேரம் பிடித்து முழுப் பத்திரமும் செய்ய முடியுமா? பத்துப் பத்து வினாவாகச் செய்கிறவருக்கு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து யோசிக்கும் பலம் வராது. கணிப்பானைக் கையில் எடுக்காமல் செய்யப் பழகுங்கள். எங்கள் பரீட்சை மண்டபத்தில் அதற்கு அனுமதி இல்லை.

5. சிக்னல் இல்லாத நேரத்திலும் வேலை செய்யுமா? எங்கள் லயங்களில் சிக்னல் வருவதும் போவதும் தெரிந்ததே. ஒவ்வொரு தடவையும் டேட்டா தின்னும் செயலி என்றால் ரீலோட் காசும் விலையோடு சேர்ந்ததுதான்.

6. பிழைக்குக் காரணம் சொல்கிறதா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஓர் உதாரணம்

பௌதிகவியலில் கண்ணும் வில்லையும் வருகின்றன. இப்படி ஒரு வினா: குறும்பார்வை உள்ள ஒருவருக்கு 50 சென்ரிமீற்றருக்கு அப்பால் உள்ளவை தெளிவாகத் தெரியவில்லை. மிகத் தூரத்தில் உள்ளவற்றைத் தெளிவாகப் பார்க்க அவருக்கு எந்த வில்லை தேவை?

(1) குவிவு, 2 டயொப்டர்
(2) குழிவு, 2 டயொப்டர்
(3) குவிவு, 0.5 டயொப்டர்
(4) குழிவு, 0.5 டயொப்டர்
(5) குழிவு, 50 டயொப்டர்

விடை (2). குறும்பார்வைக்குக் குழிவு வில்லை. குவியத் தூரம் 50 செ.மீ., அதாவது 0.5 மீற்றர். 1ஐ 0.5ஆல் வகுத்தால் 2.

மோசமான செயலி சிவப்பு அடையாளம் காட்டி, 'பிழை, விடை 2' என்று சொல்லி அடுத்த வினாவுக்குப் போய்விடும். நல்ல செயலி, பிள்ளை எங்கே சறுக்கினாள் என்று சொல்லும். (1) போட்டிருந்தால் குறும்பார்வையையும் நீள்பார்வையையும் மாற்றிக்கொண்டாள். (4) போட்டிருந்தால் மீற்றரில் எழுதினாள், ஆனால் வகுக்க மறந்தாள். (5) போட்டிருந்தால் மீற்றருக்கு மாற்றவேயில்லை. (3) போட்டிருந்தால் இரண்டு பிழைகள். நோய் தெரிந்தால்தானே மருந்து!

காசு இல்லாமல் கிடைப்பவை முதலில்

பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளி வழங்கும் திட்டங்களும்தான் முதற் பயிற்சி. திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் பிள்ளைகள் எந்த வினாவில் அதிகம் தவறினார்கள் என்பதும் இருக்கும். தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள் தமிழில் உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் இலவசம். பாடசாலையிலோ நகரத்திலோ ஒரு தடவை பிரதி எடுத்துக்கொண்டால் ரீலோட் தேவையில்லை. இவற்றைச் செய்து முடித்த பிறகும் தேவைப்பட்டால் செயலியைப் பார்க்கலாம்.

இன்னொன்று. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம் கையால் எழுதும் பத்திரம். அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் விரலால் தட்டிப் பழக முடியாதவை. வாரத்தில் ஒரு விடையாவது தாளில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு

"எனக்கு இதெல்லாம் என்ன வெளங்கும்?" என்று ஒதுங்காதீர்கள். பணம் கட்டுமுன் இலவசமாகக் கிடைக்கும் பகுதியைப் பிள்ளை உங்கள் முன் செய்யட்டும். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: "ஒரு கேள்விக்கு எத்தனை விடை? பிழைக்குப் புள்ளி கழிக்குதா? ஏன் பிழைன்னு சொல்லிக் குடுக்குதா?" ஐந்து, இல்லை, ஆமாம் என்று பதில் வந்தால், மிச்சத்தை ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். வேறு பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். அந்த விலை எத்தனை நாள் பேருக்குச் சமம் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்குத் தோற்றக்கூடியது மூன்று தடவைதான். தப்பான பயிற்சியில் போன மாதங்கள் திரும்பி வரா.

முதலில் சொன்ன மாணவி இப்போது கடந்தகால வினாத்தாள்களோடு உட்கார்ந்திருக்கிறாள். சென்ற மாதிரிப் பரீட்சையில் அவள் பெற்ற புள்ளி செயலி காட்டிய தொண்ணூறு அல்ல, ஐம்பத்தெட்டு. ஆனால் ஒரு வினாவையும் வெறுமையாக விடவில்லை. "இதுதான் சேர் என் உண்மையான புள்ளி, இனி கூட்டுறேன்" என்றாள்.

செய்து பாருங்கள்: இந்த வாரமே ஒரு கடந்தகால முதலாம் பத்திரத்தை எடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் செய்யுங்கள். பிழைத்த ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகளை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.