சயாம் ரயிலும் இரண்டு கப்பல்களும்

கேள்வி: சயாம் மரண ரயிலுக்கு எங்கள் தோட்டத்துத் தாத்தாக்களைக் கொண்டுபோன ஜப்பான், நஷ்ட ஈடு கொடுத்ததா?
– வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: கொடுத்தது. தோட்டத்து லயத்துக்கு வரவில்லை.

1942-43இல் சயாம் எனப்பட்ட தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, நெகிரி செம்பிலான் உட்பட மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் ஏராளமானோரைக் கொன்றன. ஜப்பானுடனான 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு போர்க்கைதிகளான சிப்பாய்களுக்கு இழப்பீடு தந்தது. அதே பாதையில் மண் சுமந்த தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

மலேசியாவுக்கு 1967 செப்டம்பரில் ஜப்பானுடன் ஓர் ஒப்பந்தம் வந்தது. மதிப்பு 2.5 கோடி மலேசிய டாலர். ரொக்கமாக அல்ல, பொருளாகவும் சேவையாகவும்தான். இரண்டு சரக்குக் கப்பல்கள் தேசியக் கப்பல் நிறுவனத்துக்குப் போயின. பர்மாவில் இதே வழியில் வந்த இழப்பீடு பாலுச்சாங் நீர்மின் திட்டமானது. கட்டியவை ஜப்பானிய நிறுவனங்கள் என்பதால் அவற்றுக்குச் சந்தையும் திறந்தது. பின்னாளைய ஜப்பானிய வளர்ச்சி உதவிக்கு இங்கேதான் அடித்தளம்.

நாட்டுக்குக் கப்பல் தேவைதான். ஆனால் அரசுக்கு அரசு கணக்கு முடித்தபோது, கணவனை இழந்த பால்மரத் தொழிலாளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அது அநியாயம். தாத்தாவின் பெயர், தோட்டம், போன ஆண்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.