நீருக்குள் பட்டு நூற்கும் பூச்சிகள்

தெளிந்த ஓடைகளின் அடியில், மணலையும் சருகுத் துணுக்குகளையும் ஒட்டிச் செய்த சிறு குழலைச் சுமந்தவாறு ஊர்ந்து செல்லும் புழுக்கள் உண்டு. இவை காடிஸ் பூச்சிகளின் இளம் பருவமாகும். வளர்ந்த பூச்சி அந்துப்பூச்சியைப் போலத் தோன்றும். ஆயினும் அதன் இறகுகளில் செதில்களுக்குப் பதிலாக மயிர்களே மிகுந்திருக்கும். இது பற்றியே 1813-ஆம் ஆண்டில் கிர்பி என்பார் இவ்வரிசைக்கு, மயிர், இறகு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு டிரைக்காப்டெரா எனப் பெயரிட்டார். இன்று இவ்வரிசையில் 16,000-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

அந்துப்பூச்சியுடன் காணும் இவ்வொற்றுமை தற்செயலானதன்று. வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய வரிசையே இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு. செதில் என்பது தட்டையாக மாறிய மயிரே. இரு வரிசைகளிலும் புழுவின் கீழுதட்டுச் சுரப்பிகளே பட்டைச் சுரக்கின்றன. காடிஸ் பட்டிலுள்ள பாஸ்பேட்டுத் தொகுதிகள் கால்சியத்துடன் பிணைவதால், அது நீருக்குள்ளேயே உறுதி பெற்று ஒட்டுகிறது.

பட்டைப் பயன்படுத்தும் முறை, பகுப்புக்கும் துணை செய்கிறது. அன்னுலிபால்பியா என்னும் துணைவரிசையின் புழுக்கள் கற்களில் நிலையான உறைவிடம் அமைக்கும். பல வலை விரித்து, ஓடும் நீரிலிருந்து உணவை வடித்தெடுக்கும். இன்டெக்ரிபால்பியாவில் குழல் வீட்டைச் சுமப்பவை அடங்கும். வீடு கட்டாமல் திரியும் ரையகோபிலிடே போன்ற குடும்பங்களின் இடம் நெடுநாள் விவாதத்திற்குரியதாயிருந்தது. அண்மைய மரபணு ஆய்வுகள் அவற்றை இரண்டாம் துணைவரிசையின் அடிக்கிளைகளாகக் காட்டுகின்றன.

இப்பகுப்பு காட்சிச்சாலைக்கு மட்டும் உரியதன்று. மும்பையில் விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரைப் பெறும் மித்தி ஆறு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை அடுத்து மாகிம் கழிமுகத்தில் கடலை அடைகிறது. வழியெங்கும் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில் கலக்கின்றன. நன்னீர் ஆறுகளின் நலத்தை உயிரினங்களால் அளக்கும் பிரிட்டிஷ் முறையொன்றில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. குழல் வீட்டுக் குடும்பமான லெப்டோசெரிடே 10 பெறும். வலை விரிக்கும் ஹைட்ரோசைக்கிடே 5 பெறும். மாசைத் தாங்கும் கைரோனோமிடே என்னும் கொசு போன்ற ஈக்களின் குடும்பம் 2 மட்டுமே பெறும். குடும்பத்தைப் பிழையாக அறிந்தால் நீரின் தரமும் பிழையாகவே கணிக்கப்படும்.

இரசாயனச் சோதனை, நீர் எடுத்த வேளையின் நிலையையே கூறும். பல வாரங்கள் நீரில் வாழ்ந்த புழுவோ அக்காலம் முழுவதற்கும் சான்றாகும். ஆதலின், கடல்நீர் ஏறாத மேற்பகுதியில் எக்குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை ஆண்டுதோறும் கணக்கிடுதல், ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி பயன் தருகிறதா என்பதை அறிய ஏற்ற வழியாகும்.