பட்டம் இன்னும் பயன் தருமா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நாட்டின் பல லட்சம் இல்லங்களில் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா, ஏதேனும் தொழிலில் சேர்ப்பதா? ஒரு தலைமுறைக்கு முன்னர் இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. வசதி இருந்தவர்கள் கல்லூரிக்கு அனுப்பினார்கள். இல்லாதவர்கள் கடன்பட்டேனும் அனுப்ப முயன்றார்கள். இன்றோ, பட்டம் பெற்ற அண்ணன் வேலையின்றி வீட்டிலிருப்பதைக் கண்டு, தம்பி கல்லூரிக்குப் போகத் தயங்குகிறான். இத்தயக்கம் நியாயமானதுதானா என்பதைப் பொருளாதார நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேர்க்கை குறைகிறதா?

முதலில் உண்மை நிலவரத்தைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2010இல் கல்லூரி மாணவர் தொகை ஏறத்தாழ 2.1 கோடியாக இருந்தது. 2021இல் அது 1.9 கோடிக்கும் கீழே இறங்கியது. உயரும் கட்டணமும் கல்விக் கடன் சுமையும் அதற்குரிய காரணங்களில் அடங்கும். நமது நாட்டின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 2014-15இல் 3.42 கோடியாக இருந்த மாணவர் தொகை 2021-22இல் 4.33 கோடியாக உயர்ந்தது. பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரையுள்ளோரைக் கொண்டு கணக்கிடப்படும் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதத்தை எட்டியது. பெண்களின் விகிதம் (28.5) ஆண்களின் விகிதத்தைச் (28.3) சற்றே விஞ்சி நின்றது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

ஆயினும் இவ்வளர்ச்சி எல்லாத் துறைகளிலும் ஒரே சீராக இல்லை. பொறியியல் கல்வியே இதற்குத் தக்க சான்று. பட்டயம், இளநிலை, முதுநிலை ஆகிய மூன்று நிலைகளையும் சேர்த்து, 2014-15இல் ஏறத்தாழ 32 லட்சமாக இருந்த பொறியியல் இடங்கள் 2021-22இல் 23 லட்சத்தையொட்டிச் சுருங்கின. இருக்கைகள் நிரம்பாமையால் பல கல்லூரிகள் மூடப்பட்டன. 2020-21 முதல் புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்குவதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நிறுத்தி வைத்தது. பின்னர் நிலைமை திரும்பியது. கணினித் துறைக்கு மாணவர்கள் மீண்டும் திரண்டனர். 2024-25இல் நன்கு இயங்கும் நிறுவனங்களுக்கு இடங்களின் உச்சவரம்பே நீக்கப்பட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? மக்கள் கல்வியையே வெறுத்து ஒதுக்கவில்லை. பயன் தராது என்று தாங்கள் கருதும் படிப்பையே ஒதுக்குகிறார்கள். ஆனால் அக்கணிப்பு நேற்றைய வேலைச் சந்தையை வைத்துச் செய்யப்படுகிறது. பட்டமோ நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே கைக்கு வருகிறது. எல்லோரும் ஒரே துறையில் குவிந்து, எல்லோரும் ஒரே காலத்தில் விலகும் ஏற்ற இறக்கத்திற்கு இக்கால இடைவெளியே மூல காரணமாகும்.

முதலீடாகக் கல்வி

கல்வியை ஒரு முதலீடாகக் கருதும் சிந்தனையை 1960களில் தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் வளர்த்தனர். இயந்திரம் வாங்க இடும் பணம் உற்பத்தியைப் பெருக்குவது போலவே, கல்விக்கு இடும் பணமும் மனிதனின் உற்பத்தித் திறனைப் பெருக்குகிறது என்பதே மனித மூலதனக் கோட்பாட்டின் சாரம். இம்முதலீட்டில் இருவகைச் செலவுகள் உள்ளன. கட்டணம், புத்தகம், விடுதி முதலியன கண்ணுக்குத் தெரியும் செலவுகள். படிக்கும் காலத்தில் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய ஊதியம் கண்ணுக்குத் தெரியாத செலவு. பெற்றோர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றனர். ஏழைக் குடும்பங்களுக்கோ இரண்டாவதே பெருஞ்சுமையாகும்.

விளக்கத்திற்காகக் கற்பனையான ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இளைஞர் மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்க இயலும் என்று கொள்வோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் அவர் இழக்கும் ஊதியம் 4,32,000 ரூபாய். கட்டணம் முதலிய செலவு ஆண்டுக்கு 40,000 வீதம் 1,20,000 ரூபாய். ஆக மொத்த முதலீடு 5,52,000 ரூபாய். பட்டம் பெற்றபின் அவருக்கு மாதம் 18,000 கிடைக்கிறது. படிக்காமல் வேலைக்குச் சென்ற நண்பர் அதற்குள் 14,000 பெறுகிறார் என்போம். வேறுபாடு மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. வட்டியைக் கருதாவிடினும், முதலீடு திரும்புவதற்குப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகும்.

இனி, அந்தப் பட்டதாரி வேலைக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதாகக் கொள்வோம். நண்பர் பெறும் ஊதியத்தின்படி மேலும் 3,36,000 ரூபாய் இழப்பாகிறது. மொத்தம் 8,88,000 ரூபாய். திரும்பப் பெறப் பதினெட்டரை ஆண்டுகள் தேவை. 8 சதவீத வட்டியையும் கணக்கில் சேர்த்தால், முதல் நிலையில் ஆண்டு வட்டி 44,160 ரூபாய்; கூடுதல் ஊதியம் அதை மட்டும் அரிதின் ஈடுகட்டுகிறது. இரண்டாம் நிலையிலோ வட்டி 71,040 ரூபாய். கூடுதல் ஊதியம் வட்டிக்கே போதாது.

இக்கணக்கு இரண்டு பாடங்களைப் புகட்டுகிறது. முதலாவதாக, பட்டத்தின் பயன் தொடக்க ஊதியத்தில் அன்று, ஆண்டுகள் செல்லச் செல்ல ஊதிய வேறுபாடு விரிவதிலேயே அடங்கியுள்ளது. அவ்வாறு விரியும் பணிகளுக்கு வழிகாட்டாத பட்டம் நட்டத்தையே தரும். இரண்டாவதாக, பட்டத்தின் மதிப்பைக் கட்டணத்தைவிட அதிகமாகக் காத்திருப்புக் காலமே அரித்துவிடுகிறது.

வேலையின்மை கூறும் செய்தி

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 சதவீதமாகவும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 சதவீதமாகவும் இருந்தது. இதைக் காணும் எவருக்கும், படித்ததனால்தான் வேலை கிடைக்கவில்லையோ என்ற ஐயம் தோன்றுவது இயல்பே.

ஆனால் புள்ளிவிவரத்தை அதன் பொருளறிந்து படித்தல் வேண்டும். எழுத்தறிவற்ற ஏழைக்கு வேலையின்றி இருக்கவும் வசதியில்லை. கிடைத்த கூலிக்குச் செல்லாவிடில் அன்று மாலை அடுப்பெரியாது. எனவே அவர் வேலையில் உள்ளவராகக் கணக்கிடப்படுகிறார். அவ்வேலையின் தன்மையையோ கூலியையோ இந்த எண் கூறாது. பட்டதாரியோ குடும்பத்தின் ஆதரவில், தகுதிக்கேற்ற பணிக்காகக் காத்திருக்கிறார். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு அரண் செய்கிறது. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே 42 சதவீதமாக இருந்த வேலையின்மை, முப்பத்தைந்து வயதைக் கடந்தோரிடையே 5 சதவீதத்திற்கும் கீழே குறைகிறது. இறுதியில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்துவிடுகின்றனர். ஆனால் அது படித்த படிப்புக்கு உரிய வேலைதானா என்பது வேறு கேள்வி. இடையில் கழிந்த ஆண்டுகள் அவருக்கும் நாட்டுக்கும் திரும்பி வாரா.

சல்லடையான பட்டம்

பட்டம் திறமையை வளர்க்கிறதா, அல்லது ஏற்கெனவே உள்ள திறமைக்கு அடையாளமாக மட்டும் அமைகிறதா? 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதிய கட்டுரை இவ்வினாவை எழுப்பியது. விண்ணப்பதாரரின் திறமையை நேரில் அறிய இயலாத முதலாளி, பட்டத்தை ஓர் அறிகுறியாகக் கொள்கிறார். அனைவரிடமும் அந்த அறிகுறி வந்துவிட்டால், அது பயனிழக்கிறது. அடுத்த படியிலுள்ள பட்டம் கேட்கப்படுகிறது.

2018இல் ரயில்வே துறை அறிவித்த ஏறத்தாழ 63 ஆயிரம் கடைநிலைப் பணியிடங்களுக்கு ஒரு கோடியே எண்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்பே போதுமான பணிகளுக்குப் பட்டதாரிகள் வரிசையில் நிற்பது நாடெங்கும் காணும் காட்சியாகும். பணித் தேர்வுக் குழுக்களில் பலமுறை அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். விண்ணப்பங்கள் மலை போல் குவிந்தபோது, பணிக்குத் தேவையா என்று ஆராயாமலே, உயர்ந்த பட்டத்தைச் சல்லடையாகப் பயன்படுத்தியதுண்டு. எங்கள் வேலை அதனால் எளிதாயிற்று. ஆனால் அந்த எளிமைக்கு விலை கொடுத்தவர்கள், மேலும் ஒரு பட்டத்திற்காகப் பணம் செலவிட நேர்ந்த பெற்றோர்களே.

செய்ய வேண்டுவன

இக்குறை புதிதன்று, பரிகாரமும் புதிதன்று. கோத்தாரிக் கல்விக் குழு 1966இலேயே செயல் அனுபவத்தையும் தொழிற்கல்வியையும் வலியுறுத்தியது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, தேர்ந்தெடுத்த துறைகளில் வேலையைப் பட்டத்தினின்று பிரிக்க வேண்டுமென்றது. மேல்நிலை மாணவரில் 25 சதவீதத்தினரை 1995க்குள் தொழிற்கல்விக்குத் திருப்பவும் இலக்கு வகுத்தது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2020ஆம் ஆண்டுக் கொள்கை, ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் எனப் பல நிலைகளில் வெளியேற வழி செய்துள்ளது; 2035க்குள் சேர்க்கை விகிதத்தை 50 சதவீதமாக்கவும் கருதுகிறது.

இவ்விலக்கு எண்ணிக்கையளவில் நின்றுவிடக் கூடாது. முதலாவதாக, 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் வழியே, பட்டப்படிப்புடன் பணிப்பயிற்சியையும் இணைத்தல் வேண்டும். மேற்காட்டிய கணக்கில், இத்தகைய பயிற்சியால் காத்திருப்பு நீங்கி, தொடக்க ஊதியம் 20,000 ஆகுமானால், முதலீடு எட்டு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். இரண்டாவதாக, ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்கள் மூன்றாண்டுகளுக்குப் பின் என்ன செய்கிறார்கள் என்ற விவரத்தை வெளியிட வேண்டும். மூன்றாவதாக, அரசு அலுவலகங்கள் பணிக்குத் தேவையான தகுதியை மட்டுமே கோர வேண்டும். நான்காவதாக, பயிற்சி பெற்ற தொழிலாளிக்குரிய ஊதியமும் மதிப்பும் உயர வேண்டும். அவை உயராதவரை தொழிற்கல்வி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் தரக் கல்வியாகவே கருதப்படும்.

முடிவுரை

பட்டம் இன்னும் பயன் தருமா? நல்ல ஆசிரியரும், ஆய்வுக்கூடமும், பணிப்பயிற்சியும் உள்ள இடத்தில் பெறும் பட்டம் உறுதியாகப் பயன் தரும். பெயரளவில் நடக்கும் கல்லூரியில், கடன் வாங்கிப் பெறும் பட்டம் குடும்பத்தைப் பின்னுக்கே இழுக்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்ணுக்கோ, ஊதியக் கணக்கில் அடங்காத பயன்களும் உண்டு. திருமண வயது தள்ளிப்போவதும், தன் கருத்தைச் சொல்லும் துணிவு பெறுவதும், அடுத்த தலைமுறையின் படிப்பு உறுதியாவதும் எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படுவதில்லை.

ஆகவே, கல்லூரிக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, என்ன செலவு, முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைக்கச் செய்வது நிருவாகத்தின் பொறுப்பு. அந்த விடை கிடைக்காதவரை, வீட்டிலிருக்கும் அண்ணனைப் பார்த்து முடிவெடுக்கும் தம்பியைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.